முழு இருதயத்தோடும் தேவனைத் தேடுதலும் தீமையை எதிர்த்து நிற்றலும்: ஒரு முழுமையான வழிகாட்டி

யூதாவின் அரசனாகிய ரெகொபெயாமின் வாழ்க்கை முழுவதையும் வேதாகமம் ஒரே வசனத்தில் தீர்த்துச் சொல்லிவிடுகிறது: "அவன் கர்த்தரைத் தேடுகிறதற்குத் தன் இருதயத்தை நேராக்காமல், பொல்லாப்பானதைச் செய்தான்" (2 நாளாகமம் 12:14). இந்த மனிதன் தொடக்கத்திலேயே கெட்டுப்போனவன் அல்லன். மூன்று ஆண்டுகள் தாவீதின் வழியிலே நடந்தான். பெத்லெகேம், தெக்கோவா, லாகீஸ், எப்ரோன் முதலிய பட்டணங்களை அரண்செய்து, அவற்றில் உணவும் எண்ணெயும் திராட்சரசமும் ஈட்டிகளும் சேர்த்து வைத்தான். இராச்சியம் உறுதிப்பட்டது என்று கண்டதும் கர்த்தரின் வேதத்தை விட்டுவிட்டான். அவனுடைய ஐந்தாம் ஆண்டில் எகிப்தின் அரசன் சீஷாக் வந்து, சாலொமோன் செய்வித்த பொற்கேடயங்களை அள்ளிச் சென்றான். அதன் பிறகு ரெகொபெயாம் செய்த செயல்தான் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்கவைக்கிறது: வெண்கலத்தால் வேறு கேடயங்களைச் செய்வித்து, தான் ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் காவலர் அவற்றை ஏந்திவரும்படி செய்தான். ஆலயத்துக்குப் போவது நிற்கவில்லை, பவனியும் நிற்கவில்லை, பொன் மட்டும் இல்லாமற் போயிற்று.

அந்த வசனத்தில் தேடாமையும் தீமையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் கவனியுங்கள். தேடுவதற்கு இருதயத்தை ஒழுங்குபடுத்தாதவன், தீமை செய்ய வேண்டும் என்று தனியாகத் திட்டமிடத் தேவையில்லை. அது தானாகவே நடந்துவிடுகிறது. யாக்கோபும் இதே ஒழுங்கில்தான் எழுதுகிறார்: "ஆகையால், தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள், பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள், அப்பொழுது அவன் உங்களைவிட்டு ஓடிப்போவான். தேவனிடத்தில் சேருங்கள், அப்பொழுது அவர் உங்களிடத்தில் சேருவார்" (யாக்கோபு 4:7, 8). முன்னும் பின்னும் தேவன் இருக்கிறார். எதிர்த்து நிற்றல் நடுவில் இருக்கிறது. இந்த ஒழுங்கை மாற்றி, தேவனிடம் சேராமலே தீமையோடு மல்லுக்கட்டுகிறவர்கள் களைத்துப் போகிறார்கள். கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் இந்த ஒழுங்கைப் பின்பற்றியே அமைக்கப்பட்டுள்ளன. கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையினர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர், பெந்தெகொஸ்தே சபையினர் என யாழ்ப்பாணத்தில் எந்தச் சபையைச் சேர்ந்தவராயினும் இவற்றைக் கைக்கொள்ளலாம்.

முதற்படி: எதைத் தேடுகிறோம் என்று அறிதல்

"உங்கள் முழு இருதயத்தோடும் என்னைத் தேடினீர்களானால், என்னைத் தேடுகையில் கண்டுபிடிப்பீர்கள்" என்ற எரேமியா 29:13ஆம் வசனம் நம் வீடுகளின் சுவர்களிலும் நாட்காட்டிகளிலும் இருக்கிறது. அது யாருக்கு எழுதப்பட்டது என்பது பெரும்பாலும் மறந்துபோயிற்று. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் உள்ள வரி அது. இரண்டு ஆண்டுகளில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி அப்போது மக்களுக்கு இனிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எரேமியாவோ 70 ஆண்டுகள் ஆகும் என்றும், அதுவரை அங்கேயே வீடு கட்டித் தோட்டம் நாட்டிப் பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவைத்து, வாழும் பட்டணத்தின் சமாதானத்துக்காக மன்றாடும்படியும் எழுதினார். அதாவது, உடனே ஊர் திரும்பலாம் என்ற நம்பிக்கை மறுக்கப்பட்டவர்களுக்குத்தான் "என்னைத் தேடுங்கள், கண்டடைவீர்கள்" என்ற வாக்குத்தத்தம் கொடுக்கப்பட்டது. 1990இல் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறி, காணி எப்போது விடுபடும் என்று பத்தாண்டுக் கணக்காகக் காத்திருந்த குடும்பங்கள் இந்தக் கடிதத்தை நம்மில் வேறு யாரையும்விட நன்றாக விளங்கிக்கொள்வார்கள்.

ஆகையால் முதலில் செய்ய வேண்டியது இது. ஒரு கொப்பியை எடுத்து, ஒரு வாரம் நீங்கள் செபத்தில் கேட்பவற்றை உள்ளபடியே எழுதுங்கள். விசா, வேலை, மகனின் உயர்தரப் பரீட்சை, மகளின் சம்பந்தம், அம்மாவின் சத்திரசிகிச்சை என்று வரிசை வரும். இவற்றைக் கேட்பது பிழையன்று. எல்லாவற்றையும் குறித்து உங்கள் விண்ணப்பங்களைத் தெரியப்படுத்துங்கள் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியிருக்கிறார். ஆனால் வார முடிவில் அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இவையெல்லாம் இன்றே கிடைத்துவிட்டால், நாளைக்குத் தேவனிடம் வருவதற்கு எனக்கு ஏதேனும் காரணம் இருக்குமா? இல்லை என்ற பதில் வந்தால் திகைக்க வேண்டாம். எங்கே தொடங்க வேண்டும் என்பது இப்போது தெரிந்திருக்கிறது. அந்தப் பட்டியலின் தலைப்பில் இனி ஒவ்வொரு நாளும் ஒரு விண்ணப்பத்தைச் சேருங்கள், சங்கீதம் 27:4 அதற்கு வார்த்தை தருகிறது: "கர்த்தரிடத்தில் ஒன்றை நான் கேட்டேன், அதையே நாடுவேன்." ஆரம்பத்தில் அது உதட்டளவில் மட்டுமே வரலாம். உதட்டில் தொடங்கி இருதயத்துக்கு இறங்கிய செபங்கள் பல உண்டு. ஆகையால் வெறுமையாகத் தோன்றினாலும் விடாதீர்கள்.

இரண்டாம் படி: நாளில் ஒரு நேரத்தை ஒப்புக்கொடுத்தல்

தேடுதல் ஒரு உணர்ச்சி என்று எண்ணுகிறவர்கள் உணர்ச்சி வரும்வரை காத்திருக்கிறார்கள். மாற்கு 1:35இல், முந்திய நாள் பொழுது சாய்ந்த பின்னரும் நோயாளிகளைக் குணமாக்கிய இயேசு, அதிகாலையில் இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் செபித்தார் என்று வாசிக்கிறோம். களைப்பு அவருக்கும் இருந்திருக்கும். நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே தீர்மானிப்பதே நாம் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்.

நம்முடைய வீடுகளில் அதிகாலையே ஏற்றது. ஐந்தரை மணிக்குப் பிறகு குசினியில் வேலை தொடங்கிவிடும், தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கும், தனியார் வகுப்புக்குப் போகிற பிள்ளையை எழுப்ப வேண்டியிருக்கும். ஐந்து மணியளவில் விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டு, வேதாகமத்தையும் கொப்பியையும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். கைத்தொலைபேசி அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கும் நமக்கும் நேர வேறுபாடு இருப்பதால், அதிகாலையில்தான் கனடாவிலிருந்து செய்திகள் குவிந்து கிடக்கும். ஒன்றைத் திறந்தால் அரை மணித்தியாலம் போய்விடும். வேதாகமத்தைக் கைத்தொலைபேசியில் வாசிப்பவர்களுக்கு நான் சொல்வது, காலை வேளைக்கு மட்டுமாவது அச்சுப் புத்தகத்துக்குத் திரும்புங்கள் என்பதே.

என்ன வாசிப்பது? புதிதாகத் தொடங்குகிறவர் மாற்கு எழுதின சுவிசேஷத்தை எடுக்கட்டும். அதில் 16 அதிகாரங்களே உள்ளன. நாளுக்கு அரை அதிகாரம் வாசித்தாலும் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அத்துடன் ஒரு சங்கீதம். பகுதியை வாய்விட்டு, நிதானமாக, இருமுறை வாசியுங்கள். முதல் முறை என்ன நடக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை, இங்கே தேவன் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார், இன்று நான் கீழ்ப்படிய வேண்டியது இதில் என்ன என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலைக் கொப்பியில் ஒரு வரியாக எழுதுங்கள். "அன்பாக இருக்க வேண்டும்" என்று எழுதுவதில் பயனில்லை. "பிற்பகலில் சித்தியிடம் போய்ப் பேச வேண்டும்" என்று எழுதுங்கள். பிறகு அந்த வசனத்தையே செபமாக்கித் திருப்பிச் சொல்லுங்கள். கிழமைக்கு ஒரு வசனத்தை மனனம் செய்யுங்கள். "நான் உமக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்யாதபடிக்கு, உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்" (சங்கீதம் 119:11) என்பது இந்த வேலையைத்தான் குறிக்கிறது. நான்காம் படியில் இதன் பயன் தெரியவரும்.

மாலையில் குடும்ப செபம் நடக்கும் வீடாயின் அதைக் கைவிடாதீர்கள். செபமாலை சொல்லும் வீட்டில் அது இயந்திரமாய்ப் போய்விட்டது என்று தோன்றினால், ஒவ்வொரு மறைபொருளுக்கும் முன் அதற்குரிய நற்செய்திப் பகுதியில் நான்கு வரிகளை வாசியுங்கள். 1928இல் தோலகட்டியில் தொடங்கப்பட்ட செபமாலைத் தாசர் சபையின் துறவிகள், மௌனத்தையும் இடையறாத செபமாலையையுமே தங்கள் வாழ்வாகத் தெரிந்துகொண்டார்கள். நமக்கு அந்த அழைப்பு இல்லாதிருக்கலாம். ஆனால் தேவனைத் தேடுவதற்கென்றே ஒருவர் தன் நாள் முழுவதையும் கொடுக்கலாம் என்பது இந்த மண்ணில் கண்ணால் காணப்பட்ட உண்மை.

வறட்சி வரும். செபிக்கும்போது சுவரோடு பேசுவது போலத் தோன்றும் வாரங்கள் வரும். அப்போது சந்தோஷத்தை வரவழைக்க முயலாமல், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்ற 13ஆம் சங்கீதத்தையோ, இருளிலேயே முடிந்துவிடும் 88ஆம் சங்கீதத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். முறைப்பாடும் தேடுதல்தான்; அவரைத் தேடாதவன் அவரிடம் முறையிடவும் மாட்டான்.

மூன்றாம் படி: தன் பலவீனத்தை ஆராய்தல்

"அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்" என்கிறார் யாக்கோபு (1:14). தன்தன் என்ற சொல் இங்கே பாரம் மிக்கது. மதுவால் ஒருக்காலும் இழுக்கப்படாத ஒருவர், குடிக்கிற அயலவரைப் பற்றிப் பேசும் சுகத்தில் சிக்கிக் கிடக்கலாம். மற்றவருடைய பாவத்தை எதிர்ப்பது எளிது. அதை ஆன்மீகப் போராட்டம் என்று கருதக் கூடாது.

இரவில் படுக்கும் முன் பத்து நிமிடம் அன்றைய நாளை மனதில் மீண்டும் நடத்திப் பாருங்கள். எந்த இடத்தில் கோபப்பட்டேன், எந்த இடத்தில் பொய் சொன்னேன், யாருடைய முகத்தைப் பார்க்க விரும்பாமல் வேறு ஒழுங்கையால் போனேன், கதவைச் சாத்திக்கொண்டு எதைப் பார்த்தேன். இரண்டு கிழமை இப்படிச் செய்தால் ஒரே இடம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அதுதான் உங்கள் இடம்.

நம் சமூகத்தில் பாவம் என்றே எண்ணப்படாத சில தீமைகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். சீதனம் பேசும்போது, செபித்துத்தான் பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வீடு, காணி, நகை, ரொக்கம் என்று கணக்குப் பார்க்கிறோம். ஒரே பாத்திரத்தில் பங்குபெற்ற இரு குடும்பங்களுக்கிடையே சம்பந்தம் என்று வரும்போது, "அவை எந்தப் பகுதி?" என்ற கேள்வி முதலில் எழுகிறது. கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை என்று வாசித்துவிட்டுச் சாதி பார்ப்பது, பலவீனத்தால் விழுவதைவிடப் பாரதூரமானது. ஏனெனில் இதை நாம் தெளிந்த புத்தியோடு, பெரியவர்களைக் கூட்டிவைத்து, ஆலோசித்துச் செய்கிறோம். இரவு ஆராய்ச்சியில் இவற்றுக்கும் இடம் கொடுங்கள்.

நான்காம் படி: சோதனை வரும் வேளையில்

இங்கே பலர் தவறவிடும் ஒரு வேறுபாடு உண்டு. வேதம் சில காரியங்களுக்கு எதிர்த்து நிற்கச் சொல்கிறது. சில காரியங்களிலிருந்து ஓடச் சொல்கிறது. வேசித்தனத்துக்கு விலகி ஓடுங்கள் என்றும், விக்கிரகாராதனைக்கு விலகி ஓடுங்கள் என்றும் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார்; பாலியத்துக்குரிய இச்சைகளுக்கு விலகி ஓடும்படி தீமோத்தேயுவுக்குச் சொல்கிறார். போத்திபாரின் வீட்டில் யோசேப்பு நின்று விவாதிக்கவில்லை. தன்னைப் பிடித்த போத்திபாரின் மனைவியின் கையிலேயே வஸ்திரத்தை விட்டுவிட்டு வெளியே ஓடினான். உடலையும் கண்ணையும் பிடிக்கும் சோதனையில், என் விசுவாசம் எவ்வளவு பலமானது என்று பரீட்சித்துப் பார்க்க நிற்பவர் பெரும்பாலும் வீழ்ந்துவிடுகிறார். ஆகவே, இரவில் கைத்தொலைபேசி உங்களை இழுத்தால் அதைப் பெற்றோரின் அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். குறிப்பிட்ட கூட்டாளிகளோடு மாலையில் சந்தியில் நின்றால் அது போத்தலில்தான் முடிகிறது என்றால், வேறு பாதையால் வீட்டுக்கு வாருங்கள்.

பொய், பயம், அவநம்பிக்கை, பெருமை ஆகியவை வேறு வகை. இவை எங்கு ஓடினாலும் கூடவே வருகிறவை. இவற்றுக்கு எதிர்த்து நிற்க வேண்டும். மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் இயேசு நின்ற விதத்தைப் பாருங்கள். நாற்பது நாள் உபவாசத்துக்குப் பின் பசி வந்த வேளையில் முதற் சோதனை வந்தது. கல்லை அப்பமாக்குவது பார்வைக்குப் பாவமாகத் தெரியாத ஒன்று. பசித்தவன் உண்பதில் என்ன தவறு? இரண்டாவது சோதனை வேதவசனத்தையே மேற்கோளாகக் கொண்டு வந்தது. மூன்றாவது, சிலுவை இல்லாமலே உலகம் முழுவதையும் தருவதாகச் சொன்னது. மூன்றுக்கும் அவர் உபாகமம் 6ஆம், 8ஆம் அதிகாரங்களிலிருந்தே பதில் சொன்னார். அந்த அதிகாரங்கள் இஸ்ரவேலரின் வனாந்தர நாட்களை நினைவூட்டுகிறவை. பொருத்தமான வசனத்தை அவர் அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்கவில்லை. அது முன்னமே அவருக்குள் இருந்தது. இரண்டாம் படியில் மனனம் செய்யச் சொன்னதன் காரணம் இதுதான். உங்கள் பலவீனமான இடத்துக்குப் பொருந்தும் மூன்று வசனங்களைத் தெரிந்தெடுத்து, சோதனை இல்லாத நல்ல நாட்களில் அவற்றைப் பாடமாக்குங்கள். சோதனை வரும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சோதனையோடுகூடத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்று 1 கொரிந்தியர் 10:13 உறுதி சொல்கிறது. அந்தப் போக்கு பெரும்பாலும் மிகச் சாதாரணமாக, ஒரு நொடிக்கு மட்டும் திறக்கிறது: யாரோ ஒருவர் வந்து படலையைத் தட்டுவார், அம்மா கூப்பிடுவார். அந்த நொடியில் எழுந்துவிடுங்கள்.

மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அடிமைப்பட்டவருக்கு மேலே சொன்னவை மட்டும் போதாது. அங்கே உடலும் மூளையும் பிடிபட்டிருக்கின்றன. வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவன்று. திடீரென்று நிறுத்துவதாலேயே உயிராபத்து வரக்கூடிய கடும் குடிகாரர்களும் உண்டு. செபமும் சிகிச்சையும் சேர்ந்தே நடக்கட்டும்.

ஐந்தாம் படி: செய்வினைப் பயத்திலிருந்து விடுபடுதல்

வியாபாரம் படுத்துவிட்டால், பிள்ளைக்குத் தொடர்ந்து வருத்தம் வந்தால், கலியாணம் தள்ளிப்போனால், யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்ற எண்ணம் ஞானஸ்நானம் பெற்ற வீடுகளிலும் எழுகிறது. ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவர் செவ்வாய்க்கிழமை சாத்திரம் பார்க்கிறவரிடமும் போய்வருகிறார். எபேசுவில் விசுவாசிகளான பின்பும் மாயவித்தைப் புத்தகங்களை வீட்டில் வைத்திருந்தவர்கள், தங்கள் செய்கைகளை அறிக்கையிட்டு, ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு பெறுமதியான அந்தப் புத்தகங்களை எல்லாருக்கும் முன்பாக எரித்தார்கள் (அப்போஸ்தலர் 19:18, 19). விற்றுப் பணமாக்கவில்லை. உங்கள் வீட்டில் கட்டிய கயிறு, தகடு, வாசலில் புதைத்த போத்தல் முதலியவை இருந்தால், போதகரையோ பங்குத்தந்தையையோ அழைத்துச் செபித்து அகற்றிவிடுங்கள். அகற்றிய பிறகு ஏதேனும் தீங்கு நடந்தால் அதனால்தான் என்று மனம் சொல்லும். அந்த எண்ணத்துக்கே எதிர்த்து நில்லுங்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. நித்திரையின்மை, தனியே பேசுதல், யாரோ துரத்துவதாக அஞ்சுதல், சாக வேண்டும் என்று சொல்லுதல் ஆகியவற்றை உடனே பேய் என்று தீர்மானித்து, அந்த மனிதரைப் பட்டினி போடுவதும் அடிப்பதும் கட்டிவைப்பதும் கொடுமையான பாவம். போரைக் கண்ட தலைமுறையில் உள்ளம் காயப்படாதவர் அரிது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநல மருத்துவப் பிரிவுகள் உள்ளன. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். முதலில் அங்கே அழைத்துச் செல்லுங்கள். கட்டிலருகில் இருந்து செபியுங்கள்.

பயத்தை விட்டவர் அந்த வெற்றிடத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. மத்தேயு 12ஆம் அதிகாரத்தில், புறப்பட்டுப்போன அசுத்த ஆவி திரும்பி வந்து, வீடு பெருக்கி அலங்கரிக்கப்பட்டு வெறுமையாய் இருப்பதைக் கண்டு, தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிவருகிறது. ஆள் இல்லாத வீட்டின் நிலையை நாம் கண்டிருக்கிறோம். இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்திலிருந்து விடுவிக்கப்பட்ட காணிகளுக்குப் போனபோது, பூட்டிவிட்டு வந்த வீடுகளின் கூரை வழியே மரங்கள் வெளியே நின்றன. சுவரின் வெடிப்புகளில் ஆலங்கன்றுகள் வேரோடியிருந்தன. ஒருவர் குடியிருந்து விளக்கேற்றிய வீட்டில் அப்படி முளைக்காது. காலை வேளையின் வாசிப்பும் செபமும் அந்தக் குடியிருப்புதான்.

ஆறாம் படி: வெறுப்பை எதிர்த்தல்

எழுத மிகவும் தயங்குகிற படி இது. ஆனாலும் இதை விட்டுவிட்டால் யாழ்ப்பாணத்தில் தீமையை எதிர்ப்பதைப் பற்றி எழுதியதாகவே ஆகாது. 1995 யூலை 9 அன்று, இடம்பெயர்ந்து வந்து நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மீது விமானக் குண்டுகள் வீழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 30 அன்று வலிகாமமே எழுந்து, மழையில், பிள்ளைகளையும் முதியோரையும் தூக்கிக்கொண்டு தென்மராட்சி நோக்கி நடந்தது. நம் வீடுகளில் காணாமற் போனவர்களின் படங்கள் இன்னும் மாலை போடப்படாமல் தொங்குகின்றன. இப்படிப்பட்ட மக்களிடம், மன்னித்துவிடுங்கள் என்று மேடையிலிருந்து சொல்லிவிட்டு இறங்குவது எளிது. பாதிக்கப்படாத ஒருவர் பாதிக்கப்பட்டவருக்கு மன்னிப்பைக் கட்டளையிட உரிமை இல்லை என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் "நீ தீமையினாலே வெல்லப்படாமல், தீமையை நன்மையினாலே வெல்லு" (ரோமர் 12:21) என்ற வார்த்தை நமக்காகவே எழுதப்பட்டிருக்கிறது. தீமை செய்தவனின் கையில் நாம் ஒருமுறை பட்டோம்; வெறுப்பு நமக்குள் குடிகொண்டால், அவன் இல்லாத இடத்திலும் அவனுடைய வேலை தொடர்கிறது; நம் பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேர்கிறது. இதற்கு எதிர்த்து நிற்பது எப்படி?

முதலாவது, நடந்ததை மூடி மறைக்காதீர்கள். ஆபேலின் இரத்தத்தின் சத்தம் பூமியிலிருந்து தம்மை நோக்கிக் கூப்பிடுகிறது என்று சொல்கிறவர் தேவன். லூக்கா 18இல் நியாயம் கேட்டு விடாமல் வந்த விதவையை இயேசு செபத்துக்கே முன்மாதிரியாகக் காட்டினார். காணாமற் போன பிள்ளைக்காக வீதியோரத்தில் படத்தோடு உட்கார்ந்திருக்கும் தாய் உண்மையைக் கேட்பது வெறுப்பு அன்று. மன்னிப்பு என்ற பெயரில் அவரை எழுப்பி வீட்டுக்கு அனுப்ப முயல்வது, அந்த விதவைக்கு வெகுநாள் நியாயம் செய்ய மனதில்லாதிருந்த நியாயாதிபதியின் செயலாகும்.

இரண்டாவது, பழியை ஒப்படையுங்கள். "பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்" என்று கர்த்தர் சொல்கிறார். இது பழியே இல்லை என்பதன்று; அது நம் கையில் இல்லை என்பதே. தனிமையில் உட்கார்ந்து, நடந்ததை இடம், நாள், பெயரோடு தேவனுக்குச் சொல்லுங்கள். 94ஆம் சங்கீதம், 137ஆம் சங்கீதம் போன்றவற்றின் கடுமையான வார்த்தைகளைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். அவை தேவனிடம் சொல்லப்படுவதற்காகவே வேதத்தில் இருக்கின்றன. இறுதியில், இந்தக் கணக்கை உம்மிடம் தருகிறேன் என்று சொல்லுங்கள். அடுத்த நாள் அது மீண்டும் உங்கள் கையில் இருப்பதைக் காண்பீர்கள். மீண்டும் கொடுங்கள். இது ஆண்டுக்கணக்கில் நடக்கக்கூடிய காரியம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது, தீங்கு செய்தவரின் இனத்தைச் சேர்ந்த, அந்தத் தீங்கில் பங்கில்லாத ஒருவருக்கு நன்மை செய்யுங்கள். நயினாதீவுக்குச் சுற்றுலா வந்து வெயிலில் வழி தெரியாமல் நிற்கும் ஒரு சிங்களக் குடும்பத்துக்குத் தண்ணீர் கொடுத்து, வழி காட்டிவிடுவது போதும். சத்துரு பசியாயிருந்தால் போசனங்கொடு, தாகமாயிருந்தால் பானங்கொடு என்று பவுல் எடுத்துக் காட்டும் செயல்களும் இவ்வளவு சிறியவையே.

ஏழாம் படி: தனித்து நில்லாமை

அமலேக்கோடு நடந்த யுத்தத்தில் மோசேயின் கைகள் அசந்துபோனபோது, ஆரோனும் ஊர் என்பவரும் இருபுறமும் நின்று அவற்றைத் தாங்கினார்கள். உங்கள் கையைத் தாங்க இருவர் வேண்டும். கூட்டம் பெரிதாக இருக்கத் தேவையில்லை. கிழமைக்கு ஒருமுறை சந்தித்து, மூன்றாம் படியில் கண்டதை ஒளிக்காமல் சொல்லவும், கேட்டதை வெளியே சொல்லாதிருக்கவும் கூடிய இருவர் போதும். ஆண்களோடு ஆண்களும் பெண்களோடு பெண்களும் சேர்வது நல்லது. இரகசியம் காக்கத் தெரியாதவரை எவ்வளவு பக்தியானவராயினும் தெரிந்தெடுக்காதீர்கள். நம் ஊரில் செய்தி பரவும் வேகத்தை நான் சொல்லத் தேவையில்லை.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்த பின், ஏறத்தாழ 30 ஆண்டுகள் இங்கிருந்த கத்தோலிக்கர் குருவானவரின்றி வாழ்ந்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகள், செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு, பிச்சைக்காரனைப் போல வீடு வீடாகச் சென்று, அதைக் கண்டு முகம் மாறுகிறவர்களைக் கொண்டே விசுவாசிகளை அடையாளம் கண்டார். சில்லாலை அவருடைய பணியின் நிலையமாயிற்று. ஆலயமோ திருப்பலியோ இல்லாமல் ஒரு தலைமுறை முழுவதும் விசுவாசம் அணையாதிருந்தது என்றால், வீடுகளுக்குள்ளே ஒருவரையொருவர் தாங்கியதால்தான் இருக்க வேண்டும்.

எட்டாம் படி: விழுந்த பின் எழுதல்

விழுவீர்கள். பேதுருவும் விழுந்தார், யூதாசும் விழுந்தான், இருவரும் மனங்கசந்தார்கள். யூதாஸ் தனியே போனான். பேதுருவோ மற்றச் சீடர்களோடு இருந்தார், ஆகையால் உயிர்த்தெழுந்தவர் வந்தபோது அவரைச் சந்திக்க முடிந்தது. விழுந்த அன்றே, முடிந்தால் அந்த மணித்தியாலத்திலேயே, அறிக்கையிடுங்கள். சில நாள் நல்லபடி நடந்துவிட்டுப் பிறகு தேவனிடம் போகலாம் என்று தள்ளிப்போடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால் மன்னித்துச் சுத்திகரிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனத்துக்குத் தவக்காலம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அறிக்கையிட்ட பின் ஒரு வேலை மீதமிருக்கலாம். சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்ன பிறகே, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னார். அவதூறு சொல்லியிருந்தால், அதை யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடமே போய்ப் பொய் என்று சொல்ல வேண்டும். சீட்டுப் பணத்தில் ஏமாற்றியிருந்தால் தவணை முறையிலாவது திருப்பிக் கொடுக்க வேண்டும். பக்கத்துக் காணிக்காரர் வெளிநாட்டில் இருந்த காலத்தில், வேலி அடைக்கும்போது கதியால்களை ஓரடி தள்ளி நட்டிருந்தால், "பிறனுடைய எல்லைக்குறியை ஒதுக்குகிறவன் சபிக்கப்பட்டவன்" என்று உபாகமம் 27:17 சொல்வதை நினைத்து, முதலில் அவரை அழைத்து உண்மையைச் சொல்லுங்கள். பிறகு இரு பகுதியாரின் உறுதிகளையும் வைத்துக்கொண்டு, உங்கள் செலவிலேயே ஒரு நில அளவையாளரைக் கூப்பிட்டு அளப்பித்து, கதியால்களைப் பிடுங்கி எல்லையில் நடுங்கள். அந்த ஓரடியில் நீங்கள் வைத்த தென்னை காய்த்துக்கொண்டிருந்தால், அதுவும் அவருடையதே.